முதல் வெளிநாட்டுப் பயணம்: பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே போய் வருவோம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வியாபாரிகள் ஊர் சுற்றாதவர்கள் அல்ல. ஜவுளிக்கு ஈரோடும் சூரத்தும், பாத்திரத்துக்குக் கும்பகோணமும், மளிகைக்குக் கொத்தவால்சாவடியும் என்று காலமெல்லாம் போய் வந்தவர்கள்தாம். ஆனால் மனைவி மக்களோடு ஒரு வாரம் கடையை விட்டு வெளியில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருப்பதிக்கு ஒரு நாள், உறவினர் திருமணத்துக்கு அரை நாள், அவ்வளவுதான். "அடுத்த கோடைக்குப் பார்க்கலாம்" என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப் போடுகிறோம். கடை என்றும் இருக்கும். பிள்ளைகளின் விடுமுறை அப்படி இருக்காது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் மூன்று வயது வித்தியாசத்தில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தது 9ஆம் வகுப்பும் 11ஆம் வகுப்பும் முடிக்கிற கோடைகளில் பல பள்ளிகள் அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வுக்குத் தனி வகுப்பு வைத்துவிடுகின்றன. 12ஆம் வகுப்பு முடிந்த கோடை நீட், கலந்தாய்வு, கல்லூரி விண்ணப்பம் என்று போய்விடும். மூத்தது 7ஆம் வகுப்பு முடிக்கும்போது இளையது 4ஆம் வகுப்புதான். நெடுந்தூரம் நடந்து சுற்றிப் பார்க்கும் பயணத்துக்குச் சற்றுச் சிறிது. ஆக, வாய்ப்பாக அமைகிற கோடைகள் இரண்டே: மூத்தது 8ஆம் வகுப்பும் இளையது 5ஆம் வகுப்பும் முடிக்கும் ஆண்டு ஒன்று, மூத்தது 10ஆம் வகுப்பும் இளையது 7ஆம் வகுப்பும் முடிக்கும் ஆண்டு மற்றொன்று. இந்த இரண்டையும் விட்டால் பிறகு ஒருவர் கல்லூரி விடுதியில் இருப்பார், இன்னொருவர் டியூஷனில் இருப்பார். எனவே வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விமானக் கட்டணத்தை அல்ல, பிள்ளைகளின் வகுப்பை.

எந்த வாரம் உகந்தது?

பள்ளி ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. திறக்கும் தேதியை அரசு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. இடையில் இருக்கும் ஐந்தாறு வாரத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதி விற்பனை விவரம், 20ஆம் தேதி வரி செலுத்தும் படிவம் என்று இரண்டு கெடு உண்டு. ஏப்ரல் 20ஆம் தேதி வேலை முடிந்தால் மே 11 வரை மூச்சு விடலாம். பத்தாம் வகுப்பு மாணவருக்கும் தேர்வு முடிந்து முடிவு வருவதற்கு முந்தைய இடைவெளி அதுதான். ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் இவ்வகையில் நமக்கு வசதியானவை. மே 5 வணிகர் தின மாநாட்டுக்குச் செல்வோர் அதற்குத் தக முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம்.

எனினும் எல்லாக் கடைக்கும் ஒரே விதி பொருந்தாது. நகைக்கடைக்காரர் அட்சய திருதியை எந்தத் தேதியில் வருகிறது என்று பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். நோட்டுப் புத்தகம், சீருடை, காலணி விற்போர் மே நடுவில் ஊரில் இருந்தே ஆக வேண்டும். அவர்களுக்கு ஏப்ரல் இறுதிதான் நல்லது. கமிட்டியில் மணிலா, நெல் கொள்முதல் செய்வோர் வரத்து குறையும் வாரத்தைப் பார்க்க வேண்டும். குளிர்பானம், தர்பூசணி, பழ வியாபாரம் செய்வோருக்குக் கோடைதான் அறுவடை. அவர்கள் அரையாண்டு விடுமுறையை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் டிசம்பர் கடைசியில் விமானக் கட்டணமும் அறை வாடகையும் ஏறி நிற்கும் என்பதை மறக்கக் கூடாது.

முதல் பயணத்துக்கு எந்த நாடு?

முதல் தடவை போகிறவர்கள் ஐரோப்பா, அமெரிக்கா என்று கை நீட்ட வேண்டியதில்லை. விசா காத்திருப்பே மாதக்கணக்கில் ஆகலாம். துபாய் மே மாதத்தில் நம் கத்திரி வெயிலையும் மிஞ்சும். இலங்கை அருகில் உள்ளது, செலவும் குறைவு, தமிழ் பேசலாம். ஆனால் மே பிற்பகுதியில் கொழும்பு, கண்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும் என்பதால் ஏப்ரல் இறுதியில் போவது நலம்.

வளரும் பிள்ளைகளோடு முதல் பயணத்துக்கு நமக்கு நன்கு ஒத்துவருவது சிங்கப்பூரும் மலேசியாவும்தான். சுமார் நான்கு மணி நேரப் பயணம். கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி முன்னே. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. சைவச் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலும் அதற்குப் பின் சிதம்பரம் கப்பலும் சென்னையிலிருந்து நம் மக்களை ஏற்றிச் சென்ற பழைய வழி இது. இன்று அதே வழியை ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் கடக்கலாம்.

வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலை 1827இல் நிறுவியவர் நாராயண பிள்ளை. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்தவர். செங்கல் சூளை வைத்தார், துணிக்கடை நடத்தினார். கடை தீயில் எரிந்து கடனாளி ஆனார். மீண்டும் எழுந்து நின்று கோயிலையும் எழுப்பினார். கடையில் நாம் படுகிற பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைப்பதை விட, அந்தக் கோயில் வாசலில் நிறுத்தி இந்த வரலாற்றைச் சொல்வது மேல். பக்கத்து நாட்டில் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளும், 2006இல் திறக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலையும் உள்ளன. சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சமாகும்.

பாஸ்போர்ட்: பெயரில்தான் சிக்கல்

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே பாஸ்போர்ட் வேலையைத் தொடங்க வேண்டும். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர் கட்டணம் 1,500 ரூபாய், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 1,000 ரூபாய். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கு அல்லது 18 வயது நிறையும் வரை, எது முந்தியதோ அதுவரை செல்லும். 15 வயது நிறைந்தவர்களுக்குப் பத்து ஆண்டுப் பாஸ்போர்ட் கேட்கவும் வழியுண்டு. பெற்றோர் முதலில் எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு எடுப்பது பொதுவாக எளிதாகிவிடும். தாய் தந்தை இருவரும் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். வீட்டில் பழைய பாஸ்போர்ட் இருந்தால், பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பாருங்கள்.

நம் தமிழர்களுக்கு உரிய தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை என்ற நிலை பல வீடுகளில் உள்ளது. இதைச் சரி செய்யத்தான் மாதங்கள் ஆகின்றன. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயராக எடுப்பதும் நல்லதல்ல. ஒற்றைப் பெயர் உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில் அறிவித்தது நினைவிருக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எப்படியோ அப்படியே விமான டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் தொல்லை.

பத்தாம் வகுப்பு தேறாத வியாபாரிகள் பலர் உண்டு. அவர்கள் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு விழும். தனிநபராக வருமான வரி கட்டுபவராக இருந்தால் அதற்கான சான்றைக் கொடுத்து அக்குறிப்பு இல்லாமல் பெறலாம். இந்த வசதி மனைவிக்கும், சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு.

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா அவசியம். அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகள் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஒருவருக்கு 30 சிங்கப்பூர் டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பாது. ஏஜெண்டின் கூலி தனி. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியரை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்தது. அது கெடு வைத்து நீட்டித்த சலுகை. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நிலையைத் தூதரக அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு நாடுகளுக்கும் சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல.

கடையைக் கவனிக்க ஒருவர் தங்கி, தாயோ தந்தையோ மட்டும் பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது பாதுகாப்பு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

செலவுக் கணக்கில் வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. விமானத்தில் 12 வயது நிறைந்துவிட்டால் பெரியவர் கட்டணம். திரும்பும் நாளுக்குள் 12 நிறைந்தாலும் சில நிறுவனங்களில் பெரியவர் கணக்காகலாம். ஹோட்டலிலும் பெரும்பாலும் 12 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராகவே எண்ணுவார்கள். ஓர் அறையில் நான்கு பேர் அடைய விட மாட்டார்கள். ஆகவே "இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர்" என்று மனக்கணக்குப் போட்டவர் நான்கு முழு டிக்கெட்டும் இரண்டு அறையும் என்று தெரிய வரும்போது திகைப்பார். பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதைச் சரியாகச் சொல்லிக் குடும்ப அறை கேளுங்கள்.

கொள்முதல் பணத்தில் கை வைத்துப் பயணம் போகக் கூடாது. ஒரு நாளைக்கு 500 ரூபாய் கல்லாவிலிருந்து தனியே எடுத்து வைத்தால் 300 நாளில் 1,50,000 ரூபாய் சேர்ந்துவிடும். ஓராண்டு முன்னே முடிவெடுப்பதன் ஆதாயம் இதுதான். சேரும் பணத்தை டிக்கெட், தங்குமிடம், அன்றாடச் செலவு, அவசர இருப்பு என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். மருத்துவக் காப்புடன் கூடிய பயண இன்ஷூரன்ஸை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்; அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு மொத்தப் பயணச் செலவையும் விழுங்கிவிடக்கூடும்.

வரி விஷயத்தில் மூன்று குறிப்புகள். முதலாவது, குடும்பச் சுற்றுலா சொந்தச் செலவு. கடைச் செலவில் எழுதாமல் எடுப்புக் கணக்கில் எழுத வேண்டும். இரண்டாவது, சுற்றுலா நிறுவனத்திடம் வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் அவர்கள் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிப்பார்கள். இது 2020 அக்டோபர் முதல் உள்ளது. விகிதம் அவ்வப்போது மாறி வந்துள்ளது. பான் எண் கொடுத்து ரசீது வாங்கினால் ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஓர் ஆண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட்டவர், வருமானம் வரம்புக்குக் கீழ் இருந்தாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

ரொக்கமாக அந்நிய நோட்டு ஒரு பயணத்துக்கு ஒருவருக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையும், இந்திய ரூபாய் 25,000 வரையும் எடுத்துச் செல்லலாம். அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்தில் ரசீதுடன் வாங்குங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடியே இருக்கும். ஊரிலேயே வங்கியில் சொல்லித் திறந்து வைக்க வேண்டும்.

கடையை யாரிடம் ஒப்படைப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான் பலர் பயணமே போவதில்லை. ஒத்திகை பார்ப்பதுதான் வழி. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு நாள், பிறகு ஒரு மாதம் முன்பு இரண்டு நாள், முதலாளி கடைக்கு வராமல் வீட்டில் இருக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும். கடன் கொடுக்க யாருக்கு எவ்வளவு வரை அதிகாரம், வசூல் பணம் எந்த நேரத்தில் வங்கிக்குப் போக வேண்டும், சரக்கு லாரி வந்தால் யார் கையெழுத்து என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம்.

இக்காலத்தில் கடைச் சாவியை விடப் பெரிய சாவி செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண். ஜி.எஸ்.டி., வங்கி எல்லாமே அதில்தான் ஓடுகின்றன. அங்கே இறங்கியதும் வேறு சிம் போட்டு நம் சிம்மைக் கழற்றி வைத்தால் ஊரில் எல்லாம் நின்றுவிடும். கடை எண்ணுக்கு வெளிநாட்டு ரோமிங் வசதியை முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு பூட்டியிருப்பதைக் காவல் நிலையத்தில் தெரிவித்துச் செல்வது நல்லது. பிள்ளைகள் விமான நிலையத்திலிருந்தே படம் எடுத்துப் போடுவார்கள். ஊர் திரும்பிய பிறகு போடலாம் என்று கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பங்காளி ஆக்குங்கள்

சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். 13, 14 வயதுப் பிள்ளையை அப்படிப் போக முடியாது. கேட்காமல் முடிவெடுத்தால் அங்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். திட்டம் போடும் நாளிலேயே உட்கார வைத்துப் பேசுங்கள். ஒவ்வொருவரும் கட்டாயம் பார்க்க விரும்பும் ஓர் இடம் சொல்லட்டும். அப்பாவுக்கு முஸ்தபா கடை, அம்மாவுக்குக் கோயில், மகனுக்கு யூனிவர்சல் ஸ்டூடியோ, மகளுக்கு மண்டாய் விலங்குக் காட்சிசாலை என்று இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். பிற்பகலில் அறையில் ஓய்வு. வளரும் பிள்ளைகளுக்குத் தூக்கமும் சாப்பாடும் தவறினால் எந்த இடமும் ருசிக்காது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாட்களை அனுசரித்து நாள் குறிப்பதும், தேவையானதைக் கைப்பையில் வைப்பதும் தாய்மார் கவனிக்க வேண்டியவை.

மூத்த பிள்ளையிடம் கணக்கு நோட்டைக் கொடுங்கள். டாலரிலும் ரிங்கிட்டிலும் செலவானதை ரூபாயில் மாற்றி இரவுதோறும் எழுதி இருப்பு கட்டட்டும். வரைபடம் பார்த்து ரயில் மாறும் பொறுப்பும் அவரிடம் இருக்கட்டும். இளையவரிடம் தண்ணீர்ப் புட்டியும் டிக்கெட் உறையும். தவறினால் தவறட்டும், ஒரு நிலையம் தள்ளி இறங்கினால் குடி முழுகிவிடாது. கடையில் உட்கார வைத்து ஓராண்டு சொல்லிக் கொடுப்பதை ஒரு வாரத்தில் தாமாகவே கற்பார்கள். ஹோட்டல் பெயரும் பெற்றோர் எண்ணும் எழுதிய தாள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும். காவல்துறை எண் இரு நாட்டிலும் 999.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

சிங்கப்பூர் சட்டம் கடுமையானது. மெல்லும் புகையிலை, பான் மசாலா, ஹான்ஸ் வகையறா கொண்டு போகக் கூடாது. சுயிங்கம் இறக்குமதிக்கு 1992 முதல் தடை. இ-சிகரெட் கையில் இருந்தாலே குற்றம். சாதாரண சிகரெட் ஒரு பாக்கெட் ஆனாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். கவனிக்காமல் போவது கசகசா. நம் வீட்டில் குருமாப் பொடியில் கலப்பது வழக்கம். அங்கே அது போதைப் பொருள் சட்டத்தில் வரும். வளைகுடா நாடுகளிலும் அப்படியே. மசாலாப் பொடி எடுத்து வைக்கும் முன் வீட்டில் கேளுங்கள். மெட்ரோ ரயிலில் தின்றாலோ குடித்தாலோ 500 டாலர் வரை அபராதம். பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஊறுகாய், எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டியில். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்.

சென்னையா, திருச்சியா?

திண்டிவனத்தாருக்குச் சென்னை விமான நிலையமே அருகில். விழுப்புரத்தாருக்குத் திருச்சியும் ஏறக்குறைய அதே தூரம்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு மூன்றுக்கும் விமானங்கள் உள்ளன. புதிய முனையம் 2024இல் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. செங்கல்பட்டு, தாம்பரம் நெரிசலுக்கு அஞ்சுவோர் இரண்டு ஊர்க் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னை என்றால் ரயிலில் தாம்பரம் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் நிலையம் எதிரிலேயே. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும். நள்ளிரவு விமானங்களில் தேதி ஏமாற்றும்: 10ஆம் தேதி 00.30 மணி என்றால் 9ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இவ்வளவு வேலையா என்று மலைக்க வேண்டாம். புதுச் சரக்கு ஒன்றைக் கடையில் இறக்கும்போது இதை விட அதிகம் விசாரிக்கிறோம். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்து மேசை மேல் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அவர்கள் எந்த வகுப்பு, மீதம் எத்தனை கோடை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சொல்லும், எந்த ஆண்டு கிளம்ப வேண்டும் என்று.